வெல்லத்துக்குக் கரை வேண்டும்

அக்டோபர் பாதி கழிந்ததும் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகுகள் தெற்கே கிளம்ப ஆரம்பித்துவிடும். அனாபொலிஸ் நகரின் பெரிய படகுக் கண்காட்சி முடியட்டும் என்று சிலர் காத்திருப்பார்கள். பலருக்கு இன்ஷூரன்ஸ்தான் தேதி குறிக்கிறது. அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இன்ன தேதிக்கு முன்னால் இன்ன அட்சரேகைக்குத் தெற்கே போனால் புயல் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். முந்திப் போனால் புயல், பிந்திப் போனால் படகின் மேல்தளத்தில் உறைபனி. இடையில் கிடைக்கிற சில வாரங்களில் கனடாவிலிருந்து வருகிறவர்கள் வரை எல்லோரும் ஒரே வழியாக இறங்குகிறார்கள்.

அந்த வழியை இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்கிறார்கள். திறந்த கடலுக்குப் போகாமல், கரைக்குப் பின்பக்கமாகவே ஆறுகளையும் காயல்களையும் உப்பங்கழிகளையும் வெட்டிய கால்வாய்களால் கோத்து உண்டாக்கிய நீர்வழி. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மைல் பூஜ்யம். மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல், நம் கணக்கில் 1,750 கிலோமீட்டர். தனித்தனியாகக் கிடந்த கால்வாய்களை இணைக்கிற கடைசித் துண்டை தெற்கு கரோலினாவில் 1936இல் வெட்டி முடித்தார்கள். ஆறே வருஷத்தில் அதன் அருமை தெரிந்தது. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரைக்கு வெளியே சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, உள்வழியாகப் போன படகுகளை அவற்றால் தொட முடியவில்லை.

நாங்கள் மூன்று பேர் போனோம். என் கணவர், நான், வெல்லம். வெல்லம் நாய். விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பினம், பதினெட்டுக் கிலோ, மண்டை வெல்லத்தின் நிறம். படகு 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு. அடியில் இருக்கும் கனமான கீல் தண்ணீருக்குக் கீழே நாலரை அடி இறங்கி நிற்கும். பாய்மரப் படகு என்றாலும் இந்த வழியில் பாதி நாளுக்கு மேல் டீசல் எஞ்சின்தான் ஓடும். கால்வாய் குறுகல், காற்று நேரெதிர், பாலம் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய காயல்கள் வரும்போதுதான் பாயை விரித்து எஞ்சினை நிறுத்த முடிகிறது.

நாய் இல்லாத படகுக்காரர்கள் சாயங்காலம் நங்கூரம் போட இடம் தேடும்போது இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: ஆழம் போதுமா, காற்றுக்கு மறைப்பு இருக்கிறதா. எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது. காலையிலும் மாலையிலும் வெல்லம் இறங்கக் கூடிய தரை. நீர்வழியின் வரைபடத்தில் ஆழம் அடி அடியாகக் குறித்திருக்கும். கரை எப்படிப்பட்டது என்பது அதில் இருக்காது. அது சேறா, மணலா, தனியார் நிலமா, முதலை படுக்கிற இடமா? இதைத் தேடித்தேடியே நாங்கள் அந்தக் கரையோரத்தைத் தெரிந்துகொண்டோம். மயாமிக்கு எத்தனை நாளில் போனோம் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கடந்து போய்விடுகிற இடங்களையெல்லாம் நாய் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நார்ஃபோக்கில் விமானந்தாங்கிக் கப்பல்கள் நிற்கிற கடற்படைத் துறைமுகத்தைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. பெரிய படகுகளும் அவசரக்காரர்களும் 1859இல் திறந்த ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய் வழியாகப் போவார்கள். நாங்கள் மற்றதில் திரும்பினோம். டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், 22 மைல், ஆழம் ஆறடிதான். ஆனால் அதன் கரையோரம் நடைபாதை இருக்கிறது, நாய் நடக்கலாம்.

இந்தக் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1793இல் வெட்டத் தொடங்கி 1805இல் படகு விட்டார்கள். வெட்டியவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, அடிமைகள். இடுப்பளவுச் சேற்றில் நின்று, மண்வெட்டியாலும் கோடரியாலும் வேரோடு வேராக அறுத்து எடுத்த வழி. இதே சதுப்புக்காட்டின் உட்பகுதியில், தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். துரத்துகிறவன் கால் வைக்க அஞ்சிய மேட்டுத்திட்டுகளில் குடிசை போட்டு, பயிர் வைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள். இன்று அந்தக் காட்டில் கறுப்புக் கரடிகள் இருக்கின்றன. வெல்லத்தை வாரில் கட்டியே நடத்தினோம். இரண்டு இடத்தில் அவள் மூக்கைத் தூக்கி, மேற்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நாங்கள் திரும்பிவிட்டோம்.

கால்வாயின் இரு முனைகளிலும் லாக் இருக்கிறது. சுற்றுப்புற ஆறுகளைவிடக் கால்வாயின் நீர்மட்டம் ஏறத்தாழ எட்டடி உயரம். படகு ஒரு தொட்டிக்குள் போய் நிற்கும், பின்னால் கதவு மூடும், மேலிருந்து தண்ணீரைத் திறந்து விடுவார்கள், படகு தானே உயரும், முன்கதவு திறக்கும். தெற்கு முனையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். நாளில் சில குறித்த வேளைகளில் மட்டும் திறக்கிறார்கள். லாக்கைத் திறந்துவிட்ட ஊழியரே காரில் ஏறிப் போய், சற்றுத் தள்ளி இருக்கிற பாலத்தையும் தூக்கிவிடுகிறார். அவர் முதலில் கேட்டது நாயின் பெயரைத்தான். பிறகு படகின் பெயர். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. பிஸ்கட் ஒன்றை நீட்டி, "இவள் பல்லாஸ்டாக நல்ல எடை" என்றார். படகு நிலைகொள்ள அடியில் ஏற்றும் பாரத்தைச் சொன்னார். தண்ணீர் ஏற ஏறச் சுவர் கீழே இறங்கி, கடைசியில் தரை தன் மூக்குக்கு நேராக வந்து நின்றதை வெல்லம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே குதித்து இறங்கி, முதல் வேலையாக அங்கிருந்த புல்லை நனைத்தாள்.

கால்வாய்த் தண்ணீர் பால் ஊற்றாத தேநீரின் நிறம். சைப்ரஸ், ஜூனிபர் மரங்களின் பட்டையிலிருந்தும் இலையிலிருந்தும் ஊறுகிற டானின்தான் காரணம். சீக்கிரம் கெடாது என்பதால் அந்தக் காலக் கப்பல்காரர்கள் இந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்துக்கொண்டு கடல் ஏறினார்கள். படகின் முன்மூக்கில் இது பழுப்பாகக் கறை பிடிக்கும். தெற்கே போகிற எல்லாப் படகுக்கும் அந்த மீசை உண்டு. எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போகும்.

கால்வாயை விட்டு வெளியே வந்தால் வடக்கு கரோலினாவின் எலிசபெத் சிட்டி. வந்து கட்டுகிற படகுகளுக்கு நகரமே இலவசமாக இடம் தருகிறது. அதற்கப்புறம் ஆல்பமார்ல் சவுண்ட் என்கிற காயல். பார்த்தால் கடல் மாதிரி அகலம், ஆனால் ஆழம் சில மீட்டர்தான். ஆழமில்லாத அகன்ற நீரில் காற்று அடித்தால் அலை நீளமாக எழாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும். பெரிய கடலில் கூட வாந்தி எடுக்காதவர்கள் இங்கே எடுத்திருக்கிறார்கள். வெல்லத்துக்குக் கால்நடை மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட்டோம். அவள் தானாகவே படகின் உள்ளே, பாய்மரத்தின் அடிக்கட்டைக்கும் பலகை இருக்கைக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு படுத்தாள். படகில் அசைவு மிகக் குறைந்த இடம் அதுதான்; யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டு உள்வழியாகப் போக வேண்டும், வெளியே கடலில் பாய் விரித்தால் என்ன என்று கேட்கலாம். ஹட்டராஸ் முனை இருக்கிறது, அதுதான் காரணம். தெற்கிலிருந்து வருகிற வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டம் அந்த முனைக்கு அருகில்தான் கரையை விட்டு விலகிக் கிழக்கே திரும்புகிறது. வடக்கிலிருந்து குளிர்நீர் வந்து முட்டுகிறது. மணல்திட்டுகள் மைல் கணக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அட்லாண்டிக்கின் இடுகாடு என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீரோட்டம் வடக்கே போகும்போது எதிரே வாடைக்காற்று வீசினால் அலை சுவராக எழும். நாய் இருக்கிற சின்னப் படகு அங்கே போகக் கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றிலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நாளொன்றுக்குப் பத்து மணி நேர வெளிச்சம், மணிக்கு ஐந்து கடல்மைல் வேகம். நங்கூரம் போட்டு, சின்ன ரப்பர் டிங்கியை இறக்கி, அவளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கரைக்குப் போவதற்குள் இருட்டிவிடும். ஜாக்கெட்டின் முதுகில் ஒரு கைப்பிடி இருக்கிறது. நாய்க்கு ஜாக்கெட் வாங்குகிறவர்கள் அந்தக் கைப்பிடியின் தையலை இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் விழுந்த நாயை மனிதனைப் போலக் கையைக் கொடுத்து ஏற்ற முடியாது. அந்தப் பிடியை எட்டிப் பிடித்து மொத்தமாகத் தூக்கத்தான் முடியும். படகின் விளிம்புக் கம்பிகளைச் சுற்றி வலையும் கட்டியிருந்தோம்.

கரை கிடைக்காத இடமும் வந்தது. கேம்ப் லெஜூன் என்கிற மரைன் படைத்தளத்தின் நடுவே நீர்வழி போகிறது. துப்பாக்கிப் பயிற்சி நடக்கும்போது வழியையே மூடிவிடுவார்கள். உள்ளே மைல் ஹாம்மக் என்று ஒரு சிறு குடா. படகுகள் நங்கூரம் போட்டு இரவு தங்கலாம். கரையில் மட்டும் கால் வைக்கக் கூடாது, அது ராணுவ நிலம். மணல் நூறடி தூரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. வெல்லம் அதைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள்.

இந்த மாதிரி இரவுக்குத்தான் செயற்கைப் புல் விரிப்பு. இரண்டடிக்கு மூன்றடி. ஒரு மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கும். உபயோகித்த பிறகு அப்படியே கடலில் தொங்கவிட்டு அலசி எடுக்கலாம். வீட்டு நாய்க்கு இது லேசில் பிடிபடாது. படகு அவளுக்கு வீடு. வீட்டுக்குள் போகக் கூடாது என்று குட்டியிலிருந்து கற்றிருக்கிறாள். ஒரு நாள் முழுக்கக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பாள். எங்களுக்கு ஒரு பழைய படகுக்காரர் சொல்லியிருந்த வழி, விரிப்பைக் கரைக்குக் கொண்டுபோய், அவள் வழக்கமாகப் போகிற இடத்தில் போட்டு, அவள் வாசனையே அதில் ஏறும்படி செய்வது. அப்படிச் செய்த விரிப்பை அன்றிரவு முன்தளத்தில், பாய்மரத்துக்கு முன்னால் போட்டேன். மோந்து பார்த்தாள். சுற்றினாள். வந்து, படகோட்ட உட்காருகிற காக்பிட்டில் படுத்தாள். மறுபடி போனாள். என் கணவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "நீ பக்கத்துல நிக்காத. அவளுக்கு வெக்கமா இருக்கு." நான் உள்ளே வந்து விளக்கை அணைத்தேன். விடியற்காலையில் மேலே நகம் தட்டுகிற சத்தம், அப்புறம் நிசப்தம், அப்புறம் ஓட்டம். காக்பிட்டுக்கு வந்து எங்கள் இருவரையும் மிதித்துக்கொண்டு குதித்தாள். ஒரு முழு சீஸ் துண்டு கொடுத்தோம். நாயோடு படகில் போக நினைக்கிறவர்கள் மற்ற எதற்கு முன்னாலும் இந்த ஒன்றைப் பழக்கிவிட வேண்டும். கிளம்புவதற்கு மாதங்கள் முன்னாலிருந்தே பழக்கினால் இன்னும் நல்லது.

தெற்கு கரோலினாவில் வாக்கமா நதிக்குள் நுழைந்தபோது தெற்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. இரு கரையிலும் தண்ணீரில் நிற்கிற சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் சாம்பல் நிறத்தில் தொங்குகிற ஸ்பானிஷ் மாஸ். இது நன்னீர். நன்னீர் என்றால் முதலை. அமெரிக்க அலிகேட்டரின் வடக்கு எல்லை வடக்கு கரோலினா; இங்கிருந்து ஃப்ளோரிடா வரை நாய்க்கு மிகப் பெரிய ஆபத்து இதுதான். குளிர் நாளில் அது மந்தமாகிவிடும், சாப்பிடாது என்பது உண்மை. ஆனால் நவம்பரில் வெயில் ஏறிய மத்தியானம் ஒன்று அதற்குப் போதும். இருட்டுகிற நேரத்தில் நாயை நீரோரமாக நடத்தக் கூடாது, தண்ணீரில் பந்து எறியக் கூடாது. இங்கே நாங்கள் நங்கூரம் போடவே இல்லை. காசு கொடுத்து மரீனாவில் கட்டி, மரப்பாலத்தில் நடந்து நேரே உயரமான தரைக்குப் போனோம்.

நதி போய் விழுகிற வின்யா விரிகுடாவின் கரையில் ஜார்ஜ்டவுன். திருவாரூர்ப் பக்கம் வயலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கே கரையோரச் சதுப்பில் நேர்கோடாகக் கிடந்த வரப்புகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அது நெல் விளைந்த நிலம். 1840 வாக்கில் அமெரிக்க நெல்லில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு மாவட்டத்தில் விளைந்தது. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுநீரைப் பின்னால் தள்ளும். மேலே மிதந்து ஏறுகிற நன்னீரை மர மதகு வழியாக வயலுக்குள் விட்டு, ஓதம் வற்றும்போது வடித்துவிடுவார்கள். இந்த வித்தையில் பெரும்பங்கு, நெல் பயிரிடத் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களின் அறிவு. அவர்கள் கைபட்ட வரப்பு நிற்கிறது; பயிர் இல்லை. அந்த வரப்பு ஒன்றின்மேல் வெல்லத்தோடு நடந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஓதம் பெரிதாகிக்கொண்டே போகும். சென்னையில் கடல் ஏறி இறங்குவது பெரிய ஓதத்திலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஜார்ஜியாவில் அது இரண்டு, இரண்டரை மீட்டர். அமெரிக்காவின் கிழக்குக் கரை அங்கே உள்வாங்கி வளைந்திருக்கிறது. கரைக்கு வெளியே ஆழமில்லாத கடல்தளம் மிக அகலம். வந்து சேருகிற ஓதநீர் அந்த வளைவின் நடுவே குவிகிறது. விளைவு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையே இடம் மாறுகிறது. நீர் ஏறியிருக்கும்போது டிங்கியைப் புல்லின் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்தலாம். வற்றிவிட்டால் அதே இடத்தில் ஓராள் உயரத்துக்குச் சேற்றுச் சரிவு.

அந்தச் சேற்றை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். அரைத்த உளுந்து மாவு மாதிரி மென்மையாக, சாம்பல் கலந்த கறுப்பில் மினுங்கும். கந்தக வாடை. என் கணவர் துடுப்பைக் குத்திப் பார்த்தார். கைப்பிடி வரை இறங்கியது, இழுத்தால் வரவில்லை. சேற்றுக்கு நடுநடுவே சிப்பித்திட்டுகள். ஆளி ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, ஓட்டின் விளிம்பு மேல்நோக்கி நிற்கும். பிளேடு தோற்றுவிடும். நாய் அதில் ஒரு தாவு தாவினால் நாலு பாதமும் கிழியும். நாங்கள் வாங்கியிருந்த நாய்ச் செருப்பை வெல்லம் ஒரு நிமிஷத்தில் உதறி எறிந்துவிட்டாள். ஆகவே சிப்பி இருக்கிற கரையில் இறக்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஓதத்துக்குத் தப்பாத ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு நாளும் அது ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தள்ளி வரும். இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு நீர் நிறைந்திருந்தால், ஒரு வாரம் கழித்து அதே ஏழு மணிக்கு வற்றிக் கிடக்கும். நாயின் வயிறு ஏழு மணி என்றால் ஏழு மணி. அதனால் ஜார்ஜியாவில் தினம் இரவு ஓத அட்டவணையையும் ஃபோனில் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவோம். படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மணல். கறுப்பு விளிம்பு என்றால் சேறு. நேராகச் சாய்ந்த சாம்பல் பட்டை தெரிந்தால் பொதுப் படகுத்துறையின் சிமெண்டுச் சரிவு. அதுதான் எல்லாவற்றிலும் உத்தமம், எந்த ஓதத்திலும் இறங்கலாம். ஆக்டிவ் கேப்டன் என்கிற செயலியில் நமக்கு முன்னால் போனவர்கள் எழுதி வைத்த குறிப்புகளும் உதவும். இன்னாரின் துறை, கேட்டால் விடுவார்கள். இந்த மணல்மேடு நீர் ஏறினால் மூழ்கிவிடும் என்றெல்லாம் யாரோ ஒருவர், தன் நாய்க்காக அலைந்தவர், எழுதியிருப்பார்.

இந்தக் கரையோரத்தின் உப்புச் சதுப்புநிலத்தை நான் இதற்கு முன் கண்டதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மிஞ்சியிருக்கும் உப்புச் சதுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜார்ஜியாவின் சின்னக் கரையிலேயே இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை ஒரே புல், ஸ்பார்ட்டினா, நவம்பரில் பொன்னிறம். இறாலும் நண்டும் அதன் வேரடியில்தான் குஞ்சாக வளர்கின்றன. வடியும் நீரோடு அவை கழிக்கு வரும் நேரத்தை டால்ஃபின்கள் தெரிந்து வைத்திருக்கின்றன. படகுக்குப் பக்கத்தில் ஒன்று மூச்சு விட்டதும் வெல்லம் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு வாலை ஆட்டுவாள். குரைத்ததே இல்லை.

நீர்வழியில் நாய்க்காகவே படைத்தது போல ஓரிடம் சொல்லச் சொன்னால் கம்பர்லாந்து தீவைச் சொல்வேன். ஜார்ஜியாவின் தெற்கு ஓரத்தில், ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி தேசியக் கடற்கரைப் பூங்கா. செயின்ட் மேரிஸ் ஊரிலிருந்து ஃபெர்ரி வருகிறது. அந்த ஃபெர்ரியில் வளர்ப்புப் பிராணி ஏற்ற மாட்டார்கள். தீவில் மட்டும், வாரில் கட்டிய நாய் நடக்கலாம். ஆக, சொந்தப் படகில் வருகிற நாய்க்குத்தான் இந்தத் தீவு கிடைக்கும். ஓக் மரங்கள் தரையைத் தொடுகிற மாதிரி வளைந்து நிற்கின்றன. கார்னகி குடும்பத்து மாளிகை டன்ஜனஸ், 1959இல் எரிந்தது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்கு முன்னால் காட்டுக்குதிரைகள் மேய்கின்றன. வெல்லம் வாழ்க்கையில் குதிரையைப் பார்த்ததில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டாள். குதிரை தலையைக் கூடத் தூக்கவில்லை. தீவின் மறுபக்கம் அட்லாண்டிக். ஆளில்லாத வெள்ளை மணல், இரு திசையிலும் முடிவு தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஓடினாள் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. நீளமான கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாங்களும் மாறி மாறி ஓடினோம்.

கடற்கரையில் ஒரு எச்சரிக்கை. விளையாட்டு மும்முரத்தில் நாய் கடல்நீரைக் குடித்துவிடும். கொஞ்சம் குடித்தால் பேதி. நிறையக் குடித்தால் உப்பு ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து. அதனால் நல்ல தண்ணீர்ப் பாட்டிலும் தட்டும் எப்போதும் கையில். படகுக்குத் திரும்பியதும் பாதத்தையும் வயிற்றையும் ஒரு குவளை நன்னீரால் துடைத்துவிட வேண்டும். எங்கள் தொட்டியில் மொத்தமே 150 லிட்டர். அந்த ஒரு குவளையில் மட்டும் நாங்கள் சிக்கனம் பிடிக்கவில்லை. உப்பு காய்ந்தால் தோல் வெடிக்கும், நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். கொசுவால் பரவுகிற இதயப்புழுவுக்கு மாதாந்தர மாத்திரையையும் தெற்கே வர வர ஒரு நாள்கூடத் தவற விடக் கூடாது.

ஃப்ளோரிடாவுக்குள் வந்த பிறகு வழி சுலபம். வர்ஜீனியாவில் பாலக்காரரை ரேடியோவில் 13ஆம் சேனலில் கூப்பிட்டோம், இங்கே 9. கடற்பசு நீந்துகிற பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு, எங்கள் வேகத்துக்கு அது உறைக்கவே இல்லை. 1565இல் ஸ்பானியர் நிறுவிய செயின்ட் அகஸ்டினில் சிப்பிக்கல்லால் கட்டிய கோட்டையைச் சுற்றி இருக்கும் புல்வெளியில் நாயோடு நடக்கலாம், கோட்டைக்குள் முடியாது. அதற்குத் தெற்கே ஊருக்கு ஊர் பூங்கா, துறை, புல்தரை. இறங்க இடம் தேடுகிற வேலையே இல்லாமல் போயிற்று.

இப்போது லேக் வொர்த்தில் நங்கூரம் போட்டிருக்கிறோம். பஹாமாஸ் போகிற படகுகள் கூடி நிற்கும் இடம் இது. நடுவில் இருப்பது அதே வளைகுடா நீரோட்டம். இந்த இடத்தில் கரையை ஒட்டி, வடக்கு நோக்கி மணிக்கு மூன்று கடல்மைல் வேகத்தில் ஓடுகிறது. குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்று போல வாடை இறங்கும். அது அடிக்கும் நாளில் நீரோட்டத்தைக் கடக்க இங்கே யாரும் கிளம்ப மாட்டார்கள். காற்று தெற்குக்குத் திரும்பி, கடல் படிந்து, ஒரு பகல் முழுக்க அப்படியே நிற்க வேண்டும். பஹாமாஸ் அரசு நாய்க்கு முன் அனுமதியும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவர் சான்றும் கேட்கிறது. எங்கள் பாஸ்போர்ட்டோடு வெல்லத்தின் அனுமதிச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காற்று தெற்குக்குத் திரும்பும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. திரும்பினால் விடியுமுன் கிளம்புகிறோம். அவளை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை கரைக்குக் கூட்டிப்போய் வர வேண்டும்.